விட்டுப்போன வினிகர்

அத்தியாயம் பதினொன்று

கேக் நடுவில் உட்கார்ந்துவிட்டது. இது இரண்டாவது தடவை.

நுன்ஸியா ஸாப்பியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். புத்தகத்தில் டாஃப்னி எழுதிக் கொடுத்திருந்தபடியேதான் செய்தாள். அதே மாவு, அதே இஞ்சி, அதே சூடு. அப்படியும் எழும்பவில்லை.

"திருடி," என்றாள் அங்கே இல்லாத டாஃப்னியிடம். "எதையோ முழுங்கியிருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இதற்கெல்லாம் ஆஸ்திரேலிய ஆற்றங்கரை ஊரான வில்கா பெண்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சமையல் குறிப்பு கேட்டால் இல்லை என்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. முழுதாகக் கொடுத்துவிடுவது முட்டாள்தனம். ஏதாவது ஒன்றை விழுங்கிவிட்டு மீதியைச் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். வாங்குகிறவளுக்கும் அது தெரியும். விட்டுப்போனது எது என்று வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

வெளியே பனிமூட்டம். மர்ரே ஆற்றிலிருந்து விடியற்காலையில் ஏறி வந்தது, வெயில் வந்தும் இறங்கவில்லை. தோட்டத்து ஷெட்டில் போட்டிருந்த அடுப்படியின் ஜன்னலில் முதல் வரிசை ஆரஞ்சு மரங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் தோப்பு இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நுன்ஸியாவின் மருமகள் கோரல்தான் எங்கள் ஊர் நூலகத்தை நடத்துகிறாள். ஆள் வருவதில்லை என்று சொல்லி கவுன்சில் அதை மூடப் பார்க்கிறது. கோரல் விடவில்லை. ஊர்ப் பெண்களிடம் ஆளுக்கொரு குறிப்பு வாங்கி, ஒரு பக்கம் சமையல், எதிர்ப் பக்கம் நூலகத்தின் கதை என்று ஒரு புத்தகம் போட்டாள். கோடையில் வந்த அந்தப் புத்தகத்துக்கு இப்போது பல வீடுகளில் பைபிளுக்கு அடுத்த இடம். சில வீடுகளில் முந்தைய இடம்.

இன்று சனிக்கிழமை, நூலகத்துக்கு நூறாவது பிறந்தநாள். ஊர்ப் பொதுக் கூடமான இன்ஸ்டிட்யூட் ஹாலில் மத்தியான விருந்து. ஒருத்தி கொடுத்த குறிப்பை இன்னொருத்தி சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று கோரல் ஏற்பாடு செய்திருந்தாள். கவுன்சில் தலைவர் சாப்பிட்டு மனம் குளிர்ந்தால் நூலகம் பிழைக்கும் என்பது அவள் கணக்கு.

அந்த உற்சாகத்தின் நடுவேதான் நேற்று மாலை திராட்சைத் தோட்டக்காரன் ப்ரூனோ தன் டிராக்டரை நேராக வாய்க்காலுக்குள் இறக்கினான்.

"திராட்சை வரிசை ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. நடுவுல போனேன்," என்றான், இழுத்து வெளியே போட்டவர்களிடம். நாக்கு குழறியது. சிலர் சிரித்தார்கள். பிறகு அவன் கண் இமைகள் பாதியில் தொங்கி நின்றதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பக்கவாதமாக இருக்கும் என்று டாக்டர் ஹாடோ விமானத்தில் ஏற்றி அடிலெய்டுக்கு அனுப்பினார். அவன் மனைவி எல்டாவும் கூடப் போனாள்.

இப்போது தொலைபேசி அடித்தது.

"கொம்மாரே, நான்தான்." எல்டாவின் குரல்.

நுன்ஸியாவின் மகனுக்கு எல்டா ஞானத்தாய். அதனால்தான் கொம்மாரே. சொந்தச் சகோதரியிடம் சண்டை போடலாம், கொம்மாரேயிடம் கூடாது என்பார்கள் எங்கள் ஊர் இத்தாலியர்கள். சண்டை போடாமல் என்னென்ன செய்யலாம் என்பது தனிக் கலை.

"ப்ரூனோ எப்படி இருக்காரு?"

"மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்க. கண்ணைத் திறக்க முடியல. ஆனா நான் பேசுறது எல்லாம் கேக்குதாம், கையை அமுக்குறார். பக்கவாதம் இல்லைங்கிறாங்க கொம்மாரே. என்ன சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார்னு கேட்டே என்னைக் கொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல. நான் சாப்பிட்டதைத்தான் அவரும் சாப்பிட்டார். உன் கத்தரிக்காய் ஊறுகாயைத் தவிர. வியாழக்கிழமை மத்தியானம் புது பாட்டிலைத் திறந்து ரொட்டி மேல வெச்சு வெச்சுத் தின்னார். எனக்குத்தான் மிளகாய் ஆகாதே."

நுன்ஸியா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். "அது என் ஊறுகாய் இல்ல. நீ போட்டது."

"நான் போட்டதுதான். புத்தகத்தைப் பாத்து வரிக்கு வரி அப்படியே போட்டேன். ஆனா உன்னுது மாதிரி வரல. ஏதோ ஒண்ணு குறையுது. என் கைவாகு அவ்வளவுதான்." எல்டா மூக்கை உறிஞ்சினாள். "எனக்காக மாதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன்," என்றாள் நுன்ஸியா.

அந்த நேரத்தில் அவள் எல்டாவிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு ஒரு வார்த்தை. வினிகர்.

கத்தரிக்காயை நறுக்கி, உப்புப் போட்டு, கல்லை ஏற்றி இரவு முழுக்க நீரைப் பிழிய வேண்டும். பிறகு கொதிக்கும் வினிகரில் போட்டு ஊறவைத்து, மறுபடி பிழிந்து, அதற்கப்புறம்தான் பூண்டும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் மூட வேண்டும். கோரல் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்த அன்று நுன்ஸியா எல்லாவற்றையும் சொன்னாள். வினிகரை மட்டும் விழுங்கினாள்.

இத்தாலியின் தெற்கத்திப் பெண்கள் யாரும் இதில் ஏமாற மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். படித்துவிட்டு, "நுன்ஸியா வினிகரை முழுங்கிட்டா," என்று சிரித்துத் தாங்களே ஊற்றிக்கொள்வார்கள். அவள் ஏமாற்ற நினைத்தது ஒரே ஒருத்தியை. வடக்கத்தி எல்டா கத்தரிக்காயையே கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்த்தவள். மாதா திருவிழாக் கடையில் தன் பாட்டில்கள் தீர்ந்த பிறகும் எல்டாவின் பாட்டில்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நுன்ஸியாவின் ஆசை அவ்வளவுதான். ருசி குறையும், மிஞ்சிப் போனால் கெடும், கெட்டால் நாறும், நாறினால் எறிவார்கள் என்று நினைத்தாள். நாறாமலும் கெடும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் வாயால் சொல்வது ஒருத்தியோடு போகும். அச்சில் வந்தது ஊரெல்லாம் போனது. ஸ்கோன், லாமிங்டன் என்று கேக் வகைகள் மட்டுமே செய்து பழகிய ஆங்கிலேய வீடுகளில்கூட இந்தக் கோடையில் கத்தரிக்காய் ஊறுகாய் போட்டார்கள். வெயில் காலம் முடிந்து, பாட்டில்களைத் திறக்கும் காலம் இது.

அதனால் இருக்காது, என்று நுன்ஸியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாசலில் டமார் என்று சத்தம். மகன் கார்மெலோவின் யூட் வண்டி கேட் கம்பத்தில் மோதி நின்றிருந்தது. இறங்கி வந்தவன் உடைந்த விளக்கைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"கம்பத்தை யாரோ நகத்தி வெச்சிட்டாங்க மம்மா."

"ராத்திரி எவ்வளவு குடிச்சே?"

"ரெண்டே பீர். தூக்கம் இல்ல, கண்ணு மசமசங்குது. பனி வேற." உள்ளே வந்து கேக்கைப் பார்த்தான். "இது என்ன, மேல யாராச்சும் உக்காந்துட்டாங்களா?"

நுன்ஸியா காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மேஜைமேல் வைத்தான். மேஜை அங்கே இல்லை. கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

"கையில என்ன, வெண்ணெயா?"

"மன்னிச்சுக்கோ மம்மா."

குனிந்து துண்டுகளைப் பொறுக்கியவனை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். "வியாழக்கிழமை நீ ப்ரூனோ வீட்டுலதானே பம்ப்பு ரிப்பேர் பண்ணினே? மத்தியானம் அங்கயே சாப்பிட்டியா?"

கார்மெலோ நிமிரவில்லை. "உன் சாப்பாட்டை விட்டுட்டு வடக்கத்தி சாப்பாட்டைத் தொடுவேனா? வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. அந்த நேரத்திலும் மலர்ந்தது, பாவி. தன் மகன் ஊரில் வேறு எவள் கையால் சாப்பிட்டாலும் அவளுக்குத் தாங்காது. அது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

*

கோரல் ஹாலில் மேஜைகளுக்கு வெள்ளைத் தாள் விரித்துக்கொண்டிருந்தாள். ஹாலின் ஒரு பாதிதான் நூலகம். அலமாரிகளைச் சுவரோரம் தள்ளியிருந்தாள். நடுவில், நல்ல இடத்தில், டாஃப்னி காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய் ஊறுகாய் இருந்தது. நீள நீளத் துண்டுகள், தங்க நிற எண்ணெய், பார்க்க அழகாக இருந்தது.

டாக்டர் ஹாடோ தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவர் தொப்பியைக் கழற்றாத நாள் கெட்ட நாள்.

"கோரல், உன் புத்தகத்துல அந்தக் கத்தரிக்காய்ப் பக்கத்தைக் காட்டு."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "உப்பு, பிழி, எண்ணெய். இவ்வளவுதானா? புளிப்பு எதுவும் இல்லையா?"

"மம்மா சொன்னதை அப்படியே எழுதினேன் டாக்டர். ஏன்?"

"அடிலெய்டுலேருந்து கூப்பிட்டாங்க. ப்ரூனோவுக்குப் பக்கவாதம் இல்ல. பொட்டுலிசமா இருக்கும்னு சந்தேகப்படறாங்க. காத்துப் புகாத பாட்டிலுக்குள்ள வளர்ற விஷம். எந்த ஊறுகாய்லேருந்து எப்படி வந்திருக்கும்னு கேக்கறாங்க. எனக்கு ஊறுகாய் பத்தி என்ன தெரியும், நான் கடையில வாங்கித் தின்கிறவன்."

கோரல் அலமாரிக்குப் போனாள். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். பழங்களையும் காய்களையும் பதப்படுத்துவது பற்றிய ஒரு பழைய கையேட்டை எடுத்து நின்றபடியே புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். முகம் வெளுத்தது.

"காய்கறியை எண்ணெயில மூடுறதுக்கு முன்னாடி வினிகர்ல ஊறவைக்கணும். இல்லேன்னா விஷம் வளரும். மணமும் மாறாது, நிறமும் மாறாதுன்னு போட்டிருக்கு." கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மம்மா வினிகர் சொல்லாம இருந்திருக்க மாட்டாங்க. நான்தான் விட்டிருக்கேன். ராத்திரியில டைப் அடிச்சேன் டாக்டர், பாதித் தூக்கத்துல. ஒரு வரி போயிருக்கும்."

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது."

"கதை அலமாரியில பொய் இருக்கலாம். சமையல் அலமாரியில இருக்கக் கூடாது."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். எதிரே இருந்த தபால் நிலையம்கூடத் தெரியவில்லை. "கேளு. அடிலெய்டுல இருந்த மாத்து மருந்தை ப்ரூனோவுக்குப் போட்டாச்சு. இனிமே வேணும்னா மெல்போர்ன்லேருந்து வரணும். இந்தப் பனியில இங்க விமானம் இறங்காது. நாக்கு குழறுறதுக்கு முன்னாடி மருந்து போட்டா ஆள் தப்பிச்சிடலாம். அதனால யார் யார் சாப்பிட்டாங்கன்னு உடனே தெரிஞ்சாகணும். யாருக்காவது கண்ணு ரெண்டா தெரியுதா, இமை தொங்குதான்னு கேக்கணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கை தயார் பண்ணிட்டு வரேன்."

கோரல் முதல் வேலையாகக் கணவனைத் தொலைபேசியில் பிடித்தாள். "கார்ம், எல்டா வீட்டுக்குப் போய் ஊறுகாய் பாட்டில் எல்லாத்தையும் எடுத்துட்டு வா. திறக்காதே, தொட்டா கையைக் கழுவு. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

"சரி," என்றான் கார்மெலோ. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது அவன் குரல். கோரலுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

*

பனியில் ஊர்ந்து ஊர்ந்து கோரல் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நுன்ஸியா கறுப்பு உடுப்பு மாற்றிக்கொண்டு, அந்த உட்கார்ந்த கேக்கை டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மம்மா, ஒண்ணு கேக்கணும். கோபப்படாதீங்க." கோரல் கதவருகிலேயே நின்றாள். "கத்தரிக்காய்க்கு நீங்க வினிகர் சொன்னீங்கதானே? நான்தானே எழுதாம விட்டுட்டேன்?"

நுன்ஸியா டப்பாவின் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

"ப்ரூனோவுக்கு அதனாலதான். வினிகர் இல்லாததால விஷமாயிருக்கு. நீங்க சொல்லிட்டிருக்கும்போது போன் வந்தது, நான் எழுந்து போனேன், ஞாபகம் இருக்கு. திரும்பி வந்து அந்த இடத்தை விட்டிருப்பேன். இல்லையா மம்மா?"

நுன்ஸியா யார் கல்யாணத்துக்கு யார் என்ன பாத்திரம் கொடுத்தார்கள் என்று நாற்பது வருஷத்துக்குச் சொல்லக்கூடியவள். எவள் எந்தத் திருவிழாவில் என்ன நிறச் செருப்புப் போட்டாள் என்று சொல்லக்கூடியவள்.

"ஞாபகமில்ல," என்றாள்.

கோரல் தலையசைத்தாள். அவளுக்கு இது போதும். "என் தப்புதான். ஹால்ல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். நூலகம் போச்சு மம்மா. போகட்டும், ஆள் பிழைச்சா சரி." வெளியே போனவள் திரும்பி வந்து மாமியாரின் தோளைத் தொட்டாள். "உங்க பேரு கெட விடமாட்டேன். அச்சுப் பிழைன்னுதான் சொல்வேன்."

கார் சத்தம் பனிக்குள் போய் மறைந்தது.

நுன்ஸியா நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படியும் பாட்டிலை எல்லாம் கொட்டத்தான் போகிறார்கள், யார் சொன்னால் என்ன, என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்துக்கு இன்று வாய் நீளமாக இருந்தது. ஆஸ்திரேலியக்காரி மருமகள், படித்தவள், நாலு பேர் திட்டினால் தாங்குவாள். நான் தாங்குவேனா? கொம்மாரேயின் புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று கோவிலில் விலகி உட்காருவார்களே.

எழுந்து தன் அலமாரியைத் திறந்து தன் சொந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். வினிகர் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது, வாடையால்தான் என்று வைத்துக்கொண்டாள்.

*

ஹால் நிறைந்திருந்தது. பனியையும் மீறி எல்லோரும் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு தட்டோடு. நுன்ஸியா கேக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேசப்போவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

கோரல் முன்னால் நின்று ஒரே மூச்சில் சொன்னாள். கத்தரிக்காய் ஊறுகாயை யாரும் தொடக் கூடாது. வீட்டில் இருப்பதை டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு வரி விட்டுப்போனது தன் பிழை. சாப்பிட்டவர்கள் உடனே சொல்ல வேண்டும்.

சலசலப்பு எழுந்தது. கவுன்சில் தலைவர் மனைவியின் காதில் ஏதோ முணுமுணுத்தார். அந்த மனைவிதான் டாஃப்னி. தான் செய்த ஊறுகாயைத் தொடாதே என்று ஊர் முன்னால் சொன்னதில் அவளுக்கு மூக்கு சிவந்துபோயிருந்தது.

"ஒரு நிமிஷம் கோரல். ப்ரூனோவுக்குப் பக்கவாதம்னுதானே சொன்னாங்க?"

"இல்லன்னு இப்ப தெரிஞ்சிருக்கு."

"சந்தேகம்தானே? நாங்க ஈஸ்டருக்குக் கோவில்ல நுன்ஸியா போட்ட ஊறுகாயைச் சாப்பிட்டோம். நான் ரெண்டாம் தடவை போட்டுக்கிட்டேன். யாருக்கு என்ன ஆச்சு? அதே குறிப்புதானே இது?"

பலர் தலையாட்டினார்கள். அது நியாயமான கேள்வி. அதுதான் பயங்கரம்.

"உப்பு போட்டிருக்கேன், எண்ணெய் மூடியிருக்கு, நல்ல வாசனை. ஒரு டைப் அடிக்கிற தப்புக்காக ஊரையே பயமுறுத்துறதா?" டாஃப்னி முள்கரண்டியை எடுத்தாள். ஒரு துண்டைக் குத்தி எடுத்தாள். எண்ணெய் சொட்டியது. "நான் செஞ்சதை நானே சாப்பிட்டுக் காட்டுறேன்."

கோரல் "வேண்டாம்" என்று ஓடி வந்தாள். இடையில் மேஜைகள் இருந்தன.

"டாஃப்னி," என்றது ஒரு குரல் கடைசி வரிசையிலிருந்து. "உன் இஞ்சி கேக்ல நீ எதை முழுங்கினே?"

எல்லோரும் திரும்பினார்கள். நுன்ஸியா எழுந்து நின்றிருந்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"ரெண்டு தடவை பண்ணினேன், ரெண்டு தடவையும் குழி விழுந்துது. அதோ இருக்கு, எல்லாரும் பாருங்க. என்ன விட்டே?"

டாஃப்னியின் கரண்டி பாதி வழியில் நின்றது. கணவரை ஒரு தடவை பார்த்தாள். "சமையல் சோடா," என்றாள் மெதுவாக.

"நான் வினிகரை விட்டேன்." நுன்ஸியா மேஜையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கோரல் எதையும் விடல. சொன்னதைத்தான் எழுதினா, ஒரு எழுத்து தப்பில்ல. நான் வேணும்னே சொல்லல. என் ஊறுகாய்ல வினிகர் இருக்கு, அதனாலதான் உங்களுக்கு ஈஸ்டருக்கு ஒண்ணும் ஆகல. உன் கையில இருக்கிறதுல இல்ல. கீழ வை."

டாஃப்னி கீழே வைத்தாள். கரண்டி தட்டில் பட்ட சத்தம் ஹாலின் கடைசி வரை கேட்டது. அந்த ஹாலில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தக் கணத்தில் தங்கள் தங்கள் பக்கத்தை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். அவர்கள் விழுங்கியதால் கேக்குதான் உட்கார்ந்தது. அது அவர்கள் அதிர்ஷ்டம். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். இது ஊர் நடுவில், வெள்ளைத் தாள் விரித்த மேஜைக்கே வந்துவிட்டது.

"காலையில நான் கேட்டேனே மம்மா," என்றாள் கோரல். கத்தவில்லை. கத்தியிருந்தால் நுன்ஸியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டே. பொய் சொன்னேன்."

"எனக்குத் தலைகுனிவு வந்தா பரவாயில்ல. ஆனா ப்ரூனோவுக்குப் பக்கவாதம் இல்லைன்னு தெரிஞ்ச உடனே நீங்க சொல்லியிருந்தா வீடு வீடாப் போயிருப்போம். யாருக்கு என்னன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

ஒரு பெண் எழுந்து, தன் வீட்டில் மூன்று பாட்டில் இருக்கிறது, திறக்கவில்லை என்றாள். இன்னொருத்தி, யாரோ கொடுத்ததைப் போன வாரமே எறிந்துவிட்டேன், எனக்குப் பூண்டு பிடிக்காது என்றாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, சாப்பிட்டவர் யாரும் இல்லை என்று தெரிய வந்தது. கோரலின் தோள்கள் தளர்ந்தன. டாக்டர் ஹாடோ உள்ளே வந்து இதைக் கேட்டதும் அன்று முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"அப்படின்னா ப்ரூனோ ஒருத்தர்தான். கடவுள் புண்ணியம்."

வாசல் கதவு இடிபட்டுத் திறந்தது. ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு கார்மெலோ வந்தான், எல்டா வீட்டு பாட்டில்களோடு. நிலைப்படியில் தோள் இடித்தது. கதவு நிலையிடம் "மன்னிக்கணும்" என்றான். யாரோ சிரித்தார்கள்.

நுன்ஸியா சிரிக்கவில்லை. கேட் கம்பம், என்று நினைத்தாள். கோப்பை.

அவன் பெட்டியை டாக்டர் நீட்டிய கையில் வைக்கப் பார்த்தான். கைக்குப் பக்கத்தில் வைத்தான். டாக்டர் பாய்ந்து பிடித்தார். பிடித்தபடியே அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவன் இடது இமை, தூக்கம் வருகிறவனுக்கு இறங்குவதுபோல, பாதி இறங்கியிருந்தது.

"கார்மெலோ," என்றாள் நுன்ஸியா. "வியாழக்கிழமை எங்க சாப்பிட்டே?"

"மம்மா, அதான் காலையிலயே..."

"எங்க சாப்பிட்டே?"

அவன் சின்னப் பையனைப்போலத் தலையைக் குனிந்தான். "ரெண்டே துண்டு மம்மா. ப்ரூனோ ரொட்டியை நீட்டினார், எப்படி வேண்டாங்கிறது. நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல." ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் உருண்டு உருண்டு வந்தது. "நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டேன், எல்டாகிட்ட."

கோரல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஹாலின் மூலையிலிருந்த தொலைபேசிக்குப் போய்விட்டார். மெல்போர்ன், மெல்போர்ன் என்று அவர் இரண்டு தடவை சொல்வது கேட்டது. பிறகு "பனி எப்ப விலகும்னு எனக்கு எப்படிய்யா தெரியும்" என்றார். ஜன்னல்களில் வெள்ளைதான் தெரிந்தது.

கார்மெலோ கண்ணைக் கசக்கிக்கொண்டு தாயைத் தேடினான்.

"ஏன் மம்மா ரெண்டு பேரா நிக்கிறே?" என்றான். சிரிக்க முயன்றான். அவன் பார்வை அவள்மேல் இல்லை. அவளுக்கு ஓரடி தள்ளி, ஆளில்லாத இடத்தில் இருந்தது.

நுன்ஸியா நகர்ந்து அந்த இடத்தில் போய் நின்றாள்.